கூரைக்கு மேலேயா, கீழேயா?

கேள்வி: தோட்டத்தில் மரச்சட்டத்தில் ஒரு சின்ன அறை கட்டி, அதில்தான் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். தட்டைக் கூரை. குறுக்குச் சட்டங்கள், மேலே பிளைவுட், அதற்கு மேல் ரப்பர் ஷீட், அவ்வளவுதான். வெயில் காலத்தில் உள்ளே உட்கார முடியவில்லை, குளிர் காலத்தில் ஹீட்டர் போட்டாலும் சூடு நிற்பதில்லை. சட்டங்களுக்கு நடுவே ராக் ஊலை (கல்லை உருக்கிச் செய்த பஞ்சு) இடைவெளி இல்லாமல் திணித்து, கீழே ஜிப்சம் போர்டு அடித்துவிடலாம் என்கிறார் தச்சர். செய்யலாமா?

பதில்: அப்படியே செய்யாதீர்கள். சூடு நிற்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் மூச்சு, கெட்டில், ஈர ஜாக்கெட் எல்லாவற்றிலிருந்தும் வரும் நீராவி ஜிப்சம் போர்டின் இடுக்கு வழியாக மேலே ஏறும், ராக் ஊல் அதைத் தடுக்காது, பிளைவுட்டின் அடிப்பக்கம் இப்போது முன்பைவிடக் குளிர்ந்து கிடக்கும் என்பதால் அங்கே போய்த் தண்ணீராகப் படியும். மேலே ரப்பர் ஷீட் இருப்பதால் அது காயவும் வழியில்லை. கூரை ஒழுகுகிறது என்று நினைத்து ஷீட்டை மாற்றுவார்கள், பிரச்சினையோ உள்ளேயிருந்து வந்தது.

என்னைக் கேட்டால், மேலே போடுங்கள். இருக்கிற ரப்பர் ஷீட் நல்ல நிலையில் இருந்தால் பிரிக்கவே வேண்டாம், அதுவே நீராவித் தடுப்பாகிவிடும். அதன்மேல் பிஐஆர் பலகை (சூட்டைத் தடுக்கும் கடினமான நுரைப் பலகை), அதற்கு மேல் புது ஷீட். மரம் முழுக்க அறையின் சூட்டுக்குள் வந்துவிடுவதால் வியர்க்காது. 100 மில்லிமீட்டர் பிஐஆர் செய்கிற வேலைக்கு ராக் ஊல் 160, 170 மில்லிமீட்டராவது வேண்டும், எடையும் சதுர மீட்டருக்கு மூன்று கிலோ அளவுதான், சட்டங்கள் தாங்கும். ஆரம்பிக்கும் முன் கீழிருந்து பிளைவுட்டை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள், புதைந்தால் அந்த இடத்தை மாற்றாமல் மூடக் கூடாது. கூரை உயர்வதால் ஓரப் பட்டையையும் தண்ணீர்க் குழாய் வாயையும் உயர்த்த வேண்டியிருக்கும். வாட்டம், அதாவது தண்ணீர் வழியும் சரிவு, எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. வேலை முடிந்த பிறகு 80-க்கு 1 என்ற அளவாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் சரிவாக வெட்டிய பலகைகளே கிடைக்கின்றன. அப்புறம், மேலே போட்டாயிற்றே, சட்டங்களுக்கு நடுவிலும் கொஞ்சம் பஞ்சு அடைக்கலாம் என்று தோன்றும். வேண்டாம், பிளைவுட் மறுபடி குளிர்ந்துவிடும்.

உயரக் கட்டுப்பாடு இருந்து கீழேதான் போட முடியும் என்றால், பஞ்சுக்கும் பிளைவுட்டுக்கும் இடையே 50 மில்லிமீட்டர் காலியாக விடுங்கள், இரண்டு முனையிலும் காற்று புகுந்து வெளியேற வேண்டும், ஒரு முனை அடைத்திருந்தால் பயனில்லை. ஜிப்சம் போர்டு அடிக்கும் முன் சட்டங்களின் அடியில் பாலித்தீன் ஷீட் போட்டு எல்லா இணைப்பையும் டேப் ஒட்டுங்கள். கூரைக்குள் பதிக்கிற விளக்குகளை மறந்துவிடுங்கள், ஒவ்வொன்றும் அந்த ஷீட்டில் ஒரு ஓட்டை.

வருஷம் முழுக்க ஏசி ஓடுகிற, வெளிக்காற்று எப்போதும் ஈரமாக இருக்கிற ஊரென்றால் நீராவி தலைகீழாக, வெளியிலிருந்து உள்ளே வரும். கீழே ஒட்டிய பாலித்தீனே அங்கே ஈரத்தைப் பிடித்து வைக்கும். மேலே போடும் முறைக்கு அந்தத் தொல்லையும் இல்லை.

கேள்வி: பிஐஆருக்குப் பதில் தெர்மாகோல் போடலாமா? வெள்ளிப் படலம் ஒட்டிய குமிழ் ஷீட் மட்டும் போதும் என்கிறார்களே?

பதில்: தெர்மாகோல் போடலாம், கூடுதல் தடிமன் வேண்டும், கட்டுமானத்துக்கு விற்கும் அடர்த்தியான ரகமாக வாங்குங்கள். ஆனால் ரப்பர் ஷீட் ஒட்டும் பசைகளில் பல அதைக் கரைத்துவிடும், அதனால் நடுவே ஒரு பிளைவுட் அடுக்கு போட்டு அதன்மேல் ஒட்டுங்கள். குமிழ் ஷீட் மட்டும் போதாது. வெள்ளிப் பக்கத்துக்கு முன்னால் காற்று இடைவெளி இருந்தால்தான் அதற்கு வேலையே, இருந்தாலும் 100 மில்லிமீட்டர் பலகைக்குப் பக்கத்தில்கூட வராது.