காமெடி என்ற நாடக வகை எப்படித் தோன்றியது? சிரிக்க வைத்தால் மட்டும் அது காமெடி ஆகிவிடுமா?

ஆகாது. சிரிப்பு மனிதன் இருந்த இடத்திலெல்லாம் இருந்திருக்கும். இன்று காமெடி என்று நாம் சொல்லும் நாடக வடிவத்தின் வேர் பழைய ஏதென்சில் இருக்கிறது. அங்கே டயோனிசஸ் என்ற மதுக் கடவுளின் திருவிழாவில் கி.மு. 486 வாக்கில் அதற்கென்று அதிகாரபூர்வப் போட்டி வைத்தார்கள். துன்பியல் நாடகங்களுக்கு அதற்கு முன்பிருந்தே போட்டி உண்டு. ஆரம்பத்தில் காமெடியை யாரும் மதிக்கவில்லை, அதனால்தான் அதன் தொடக்க வரலாறு தெரியவில்லை என்கிறார் அரிஸ்டாட்டில். ஆண்குறிச் சின்னத்தை ஏந்திப் பாடிப் போன ஊர்வலங்களிலிருந்து அது வளர்ந்தது என்பதும் அவர் சொன்னதுதான். வகுப்பில் இதை யாரும் விளக்க மாட்டார்கள்!

அவர் தரும் விளக்கம் இன்னும் சுவாரசியம்: சிரிப்புக்குரியது ஒரு தவறு அல்லது கோணல், ஆனால் அது யாருக்கும் வலியோ அழிவோ தராது.

எனக்கு இங்கேதான் இடிக்கிறது. நமக்கு முழு நாடகங்களாகக் கிடைத்திருக்கும் மிகப் பழைய காமெடிகள் அரிஸ்டோஃபனிஸ் எழுதியவை, மொத்தம் 11. அவற்றில் வலிக்காத அடியே குறைவு. கி.மு. 424இல், ஏதென்சின் செல்வாக்குள்ள அரசியல்வாதி கிளியானை மேடையில் கிழித்து முதல் பரிசும் வாங்கினார். போர் நடந்துகொண்டிருந்த காலம் அது! அடுத்த ஆண்டு சாக்ரடீசை ஏமாற்றுக்கார வாத்தியாராகக் காட்டினார். 24 ஆண்டுகள் கழித்து நடந்த வழக்கில், தன் மீதான பழைய வெறுப்புக்கு அந்த நாடகத்தையும் சாக்ரடீஸ் குறிப்பிட்டதாக பிளேட்டோ எழுதியிருக்கிறார். நாடகத்தின் நடுவே கதையை நிறுத்திவிட்டு, பாடற்குழு முன்னால் வந்து ஊர்க்காரர்களையே திட்டும் வழக்கமும் இருந்தது.

அரிஸ்டாட்டிலின் வலியில்லாத சிரிப்பு அவருக்குப் பின் வந்த காமெடி நாடகாசிரியர் மெனாண்டருக்குத்தான் பொருந்தும். அதற்குள் ஏதென்ஸ் மாசிடோனியரின் பிடிக்குள் போயிருந்தது. தலைவர்களைக் கிண்டலடிப்பது போய், சிடுமூஞ்சி அப்பா, காதலில் தவிக்கும் மகன், தந்திரக்கார அடிமை, கடைசியில் கல்யாணம் என்று காமெடி வீட்டுக்குள் நுழைந்தது. இந்த மாற்றம் கொஞ்சம் முன்பே தொடங்கிவிட்டது என்பதும் உண்மை.

பிற்காலம் எடுத்துக்கொண்டது இந்த வீட்டுக் காமெடியைத்தான். ரோமில் பிளாட்டஸும் டெரன்ஸும் அதை லத்தீனுக்கு மாற்றினார்கள். பிளாட்டசின் இரட்டையர் கதையைத்தான் ஷேக்ஸ்பியர் எடுத்து எழுதினார். ஒரு ஜோடி குழப்பம் போதாதென்று, வேலைக்காரர்களையும் இரட்டையர்களாக்கிவிட்டார்.