கண் முன்னால் மினுமினுக்கும் வளைவு வருகிறது, கண் டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். மூளையில் பிரச்சனையாக இருக்குமா?

ஸ்கேன் எடுக்கணுமான்னு கேட்டிருக்கீங்க. அதை நரம்பு டாக்டர்தான் சொல்லணும். நான் ஆத்தங்குடிக் கல், அதாவது தரையில பதிக்கிற டைல்ஸ், செய்யற பட்டறையில கணக்கு எழுதுறவ. "ஆளாளுக்கு வைத்தியம் சொல்ல வந்துட்டாங்க"ன்னு கீழே எழுதப் போறவங்க இப்பவே நகர்ந்துடுங்க. ஆனா "20 நிமிஷம் மினுக்கிட்டுத் தானாப் போயிடுது, எந்தக் கண்ணை மூடினாலும் தெரியுது"ன்னு எழுதியிருக்கீங்களே, அதைப் படிச்சதும் எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு மூளைக்கட்டி அறிகுறின்னு போன்ல தேடிக்கிட்டு இருப்பீங்க. நானும் தேடினேன். எந்த நகையை மகளுக்கு எழுதி வைக்கிறதுங்கிற வரைக்கும் போயிட்டேன்.

போன வருஷம் பங்குனி, உச்சி வெயில். பட்டறை வாசல்ல கண்ணாடிகளைக் கழுவிச் சாத்தி வச்சிருந்தாங்க. எங்க கல்லைச் சூளையில சுடுறதில்லை. கண்ணாடி மேல அச்சை வச்சு, கலர் சிமென்ட்டைக் கையால ஊத்தி, அதுக்கு மேல மணலும் சிமென்ட்டும் போட்டு, தண்ணியில ஊற வைக்கிறது. அந்தக் கண்ணாடியிலிருந்துதான் பளபளப்பு வருது. இப்ப மெஷின்ல படம் அச்சடிச்ச டைல்ஸை 'ஆத்தங்குடி டிசைன்'னு சொல்லி வித்துட்டு, எங்ககிட்ட வந்து "நீங்க ஏன் விலை கூடச் சொல்றீங்க"ன்னு கேக்குறாங்க. ஒரு நாள் வெயில்ல உக்காந்து நாலு கல்லு ஊத்திப் பாக்கச் சொல்லணும். சரி, அது வேற வயித்தெரிச்சல்.

கூலி நோட்டுல 1,450ன்னு எழுதினேன். நடுவுல இருந்த 4 காணோம். நேராப் பார்த்தா இல்லை, பார்வையைக் கொஞ்சம் நகர்த்தினா இருக்கு. மூக்குக் கண்ணாடியைத் துடைச்சேன். அப்புறம் அந்த இடத்துல ஒரு பொட்டு வெளிச்சம், ரம்பப் பல்லு மாதிரி விளிம்பு, உள்ளுக்குள்ள கொதிக்கிற மாதிரி ஆட்டம். மெல்ல மெல்ல விரிஞ்சு அரைவட்டமா இடது பக்கம் ஒதுங்கிப் போய் மறைஞ்சது. இடது கண்ணைப் பொத்தினேன், வலது கண்ணைப் பொத்தினேன், ரெண்டையும் மூடினேன். மூடியும் தெரிஞ்சது பாருங்க, அங்கதான் பயந்துட்டேன். கல்லு ஊத்துற பையன், "அக்கா, பூ அச்சு உங்க கண்ணுல ஒட்டிக்கிச்சு"ன்னு சிரிக்கிறான்.

அன்னைக்குத் தலைவலியே இல்லை. அதனால யாருக்கும் அது தலைவலி சமாச்சாரம்னு தோணலை. கண்ணாடிக் கடையில ரெண்டு தடவை பவர் மாத்திக் குடுத்தாங்க. அத்தை உப்பும் மிளகாயும் சுத்தி அடுப்புல போட்டாங்க. நெடியே வரலை, "பெருந்திருஷ்டி"ன்னுட்டாங்க. நான் கிண்டல் பண்ணலை, அவங்க பாசம் அது. நாலாவது தடவை, மறைஞ்ச அரை மணியில ஒரு பக்க மண்டை பிளந்து, வாந்தி. அப்புறம்தான் நரம்பு டாக்டரைப் பார்க்க மதுரைக்குப் பஸ் ஏறினோம்.

அந்த டாக்டர் முதல்ல பேப்பரைக் குடுத்து வரையச் சொன்னார். கல்லுக்கு டிசைன் பார்த்த கை, நல்லாவே வரைஞ்சேன். பார்த்துட்டு, "கோட்டை மதில் மாதிரி இருக்கில்ல? இங்கிலாந்துல ஹியூபர்ட் ஏரின்னு ஒருத்தர் தனக்கு வந்ததை 1870லேயே இப்படித்தான் வரைஞ்சு வச்சார்"ன்னார். மைக்ரேன் ஆரான்னு பேராம், ஒத்தைத் தலைவலியோட சேர்ந்த சமாச்சாரம், சில தடவை வலி இல்லாமலும் வருமாம். கண்ணுல ஒண்ணும் இல்லை, பின்மூளையில பார்வைக்கான இடத்துல ஒரு அலை நிமிஷத்துக்கு 3 மில்லிமீட்டர் கணக்குல ஊர்ந்து போகுது, அலை போற வழியெல்லாம் மினுக்குது, பின்னாடி கொஞ்ச நேரம் இருட்டு. என் 4 அந்த இருட்டுக்குள்ள விழுந்திருக்கு.

அடுத்துக் கேட்டார், "வேற மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா?" பக்கத்துல அத்தை. "இல்லைங்க"ன்னேன்.

பொய். ரெண்டு வருஷமா கருத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். அத்தைக்கு ஒரு பேரன் வேணும், எனக்கு 38 வயசு. மாத்திரை அரிசிப் பானைக்குள்ள இருந்தது. என்னைக் குத்தம் சொல்றவங்க என் வீட்டுல ஒரு வாரம் இருந்து பாருங்க. பிரஷர் பார்க்க உள்ள கூட்டிட்டுப் போன நர்ஸம்மாகிட்டதான் காதோட சொன்னேன். டாக்டர் அவங்களையே அனுப்பி "இன்னைக்கே நிறுத்துங்க"ன்னு சொல்லிவிட்டார். ஆரா வர்ற பெண்கள் ஈஸ்ட்ரோஜன்ங்கிற ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிட்டா பக்கவாத ஆபத்து கூடுமாம். மாத்திரை வாங்கின கடையில யாரும் "கண்ணுல மினுக்குதா"ன்னு கேக்கலை. ஸ்கேன் எடுத்தாங்க, சுத்தமா இருந்தது. இப்ப காப்பர் டி. அதுவும் அத்தைக்குத் தெரியாது.

உங்களுக்கும் இதேதான்னு நான் சொல்ல வரலை. ஊர்ந்து விரியாம, சில விநாடி மட்டும் கலர் கலரா வட்டம் திரும்பத் திரும்ப வந்தா வலிப்பாவும் இருக்கலாம்னு டாக்டர் சொன்னார். ஒரே கண்ணுல மின்னல் வெட்டி, கரும்புள்ளியாக் கொட்டி, திரை இறங்குற மாதிரி இருந்தா விழித்திரைப் பிரச்சனையா இருக்கலாம், அன்னைக்கே கண் ஆஸ்பத்திரிக்கு ஓடணும். திடீர்னு பார்வை அணைஞ்சாலோ, வாய் கோணினாலோ, கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ 108.

எங்க அம்மாச்சிக்குக் கண்ல புரை முத்தினப்ப, வெள்ளை வேட்டிக்காரங்க முற்றத்துல வந்து உக்காந்திருக்காங்கன்னு சொல்லும். பேச மாட்டாங்களாம், சும்மா உக்காந்திருப்பாங்களாம். புத்தி தெளிவாத்தான் இருந்தது, ஆனா கோடாங்கிகிட்ட கூட்டிட்டுப் போனோம். பார்வை மங்கினவங்களுக்கு மூளையே படம் காட்டும், சார்லஸ் போனேன்னு ஒருத்தர் 1760லேயே தன் தாத்தாவுக்கு இப்படி இருந்ததை எழுதி வச்சிருக்கார்னு இப்பத்தான் படிச்சேன். அம்மாச்சி போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம்.

நீங்க அடுத்த தடவை வந்தா கடிகாரத்தைப் பாருங்க, மறைஞ்சதும் வரைஞ்சு வைங்க. துணைக்கு ஆள் கூட்டிட்டுப் போங்க, ஆனா டாக்டர் ரூமுக்குள்ள தனியாப் போங்க. எனக்கு ஆடிக்கு அப்புறம் ரெண்டே தடவைதான் வந்தது, ரெண்டும் கூலி நோட்டோட கடைசிப் பக்கத்துல இருக்கு. முதலாளி அதைப் புது அச்சுன்னு நினைச்சு, ஒரு கல்லு ஊத்திப் பார்க்கலாமான்னு கேட்டார்.