எத்தனை விசில், யார் எண்ணியது? வீட்டுப் பொருள்கள் குறித்த கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பல, ஒரு பொருளின் பழுதைப் பற்றித் தொடங்கி, நான்காவது வரியிலேயே வீட்டில் இருக்கும் ஒருவரைப் பற்றிய புகாராக மாறிவிடுகின்றன. பொருளைப் பற்றிய பகுதிக்குப் பொறுப்புடன் பதில் சொல்கிறேன். மற்றதற்கு ஆங்காங்கே என் கருத்தைச் சேர்த்திருக்கிறேன். ஏற்பதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

கேள்வி: துவரம்பருப்புக்கு நான்கு விசில் என்பது என் மாமியார் கற்றுக்கொடுத்த கணக்கு. பழைய 5 லிட்டர் குக்கரில் அந்தக் கணக்கு ஒருநாளும் பொய்த்ததில்லை. மூன்று வாரங்களுக்கு முன் வாங்கிய 3 லிட்டர் குக்கரில் நான்கு விசில் வந்தும் பருப்பு விரையாகவே இருக்கிறது. ஆறு விட்டால் விசில் வழியாகப் பருப்புத் தண்ணீர் பீய்ச்சியடித்துச் சுவரெல்லாம் மஞ்சளாகிறது. கூடத்தில் செய்தித்தாள் படிக்கும் கணவரை எண்ணச் சொன்னால், "மூன்றோ நான்கோ வந்தது" என்கிறார். குக்கர் பழுதா? கடைக்காரரோ ரசீதின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று அச்சிட்டிருப்பதை விரலால் தொட்டுக் காட்டுகிறார்.
- கும்பகோணம் வாசகி

பதில்: குக்கரின் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை, கணக்கின் மேல்தான் இருக்கிறது. மூடியின் மேல் உட்காரும் வெயிட், உள்ளே நீராவியின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ என்ற அளவை எட்டும்போது எழும்பி, மிகுதியான ஆவியை வெளியே விட்டுவிட்டு மீண்டும் அமர்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுவதால்தான் பருப்பு சீக்கிரம் வேகிறது. ஆக, பருப்பை வேகவைப்பது அந்தச் சூட்டில் அது இருக்கும் நேரம். விசில் எத்தனை முறை வந்தது என்பதற்கும் அந்த நேரத்துக்கும் நிலையான உறவு கிடையாது. அதே பெரிய அடுப்பில் சிறிய குக்கரை வைத்துத் தீயை முழுதாக விட்டால், விசில்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிவந்துவிடும், பருப்புக்கு வேக அவகாசம் இருக்காது. தீயைக் குறைத்தால் அதே நான்கு விசிலுக்கு இரண்டு மடங்கு நேரம் ஆகலாம். உங்கள் மாமியாரின் கணக்கு பொய்யல்ல. அது அந்தப் பழைய குக்கருக்கும், அந்த அடுப்புக்கும், அவர் போடும் பருப்பின் அளவுக்கும் மட்டும் பொருந்திய கணக்கு.

குக்கருடன் ஒரு சிறு கையேடு வந்திருக்கும். பெரும்பாலான வீடுகளில் அது அட்டைப் பெட்டியோடு பரணுக்குப் போய்விடுகிறது. முதல் விசில் வந்ததும் தீயைத் தணித்துவிட்டு, அதிலிருந்து நிமிடக் கணக்கில் வேகவையுங்கள் என்றுதான் அதில் பொதுவாக எழுதியிருப்பார்கள். கடிகாரத்தைப் பார்க்கும் வேலையை உங்கள் கணவரிடம் கொடுத்துப் பாருங்கள், செய்தித்தாளின் ஊடே அது சற்று எளிது. சுவர் மஞ்சளாவதற்குக் காரணம் வேறு: பருப்பு நுரைத்துப் பொங்கும் பொருள் என்பதால் தண்ணீரும் சேர்த்துக் குக்கரின் பாதி அளவைத் தாண்டக் கூடாது. அரிசிக்கும் இதே பாதி அளவுதான். காய்கறிக்கு மூன்றில் இரண்டு பங்கு வரை போகலாம். 5 லிட்டருக்குப் போட்ட அளவையே 3 லிட்டரிலும் போட்டிருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். ஒவ்வொரு முறையும் மூடும் முன் விசில் உட்காரும் குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, அடைப்பு இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதில் மட்டும் வேடிக்கை வேண்டாம். அந்தக் குழாய் அடைபட்ட குக்கர் ஆபத்தானது.

இப்போது ரசீதுக்கு வருவோம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறைபாடுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள்ளோ, காலம் எதுவும் குறிக்கப்படாவிட்டால் 30 நாள்களுக்குள்ளோ திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை நேர்மையற்ற வணிக முறை என்கிறது. ஆகவே அந்த அச்சிட்ட வரி, பழுதான பொருளைப் பொறுத்தவரை கடைக்காரரைக் காப்பாற்றாது. ஆனால் பொருளில் குறை இருக்க வேண்டும். கேஸ்கட்டைச் சரியாகப் பொருத்தியும் விளிம்பில் ஆவி கசிந்தாலோ, வெயிட் எழும்பாமல் பாதுகாப்பு வால்வு திறந்துகொண்டாலோ அது குறை. பருப்பு வேகாதது தனியாக ஒரு குறையாகாது. இன்னொன்றும் பார்த்துவிடுங்கள்: வீட்டு உபயோக பிரஷர் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அடிப்பாகத்திலோ பக்கவாட்டிலோ ஐ.எஸ். 2347 என்ற தர எண்ணும், சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்க்கலாம். முத்திரையே இல்லையென்றால், பருப்பு பூப்போல வெந்தாலும் அந்தக் குக்கரைத் திருப்பிக் கொடுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கேள்வி: சட்னி அரைத்துக்கொண்டிருக்கும்போது மிக்சி நின்றுவிட்டது. வந்த பழுது பார்ப்பவர் மிக்சியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் எதையோ அழுத்தினார், ஓடத் தொடங்கியது. 350 ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டார். இது பகல் கொள்ளை அல்லவா?
- சேலம் வாசகர்

பதில்: அவர் அழுத்தியது பெரும்பாலும் சிவப்பு நிறத்தில் இருக்கும் ஓவர்லோடு பொத்தான். கெட்டியான தேங்காயையும் பொட்டுக்கடலையையும் தண்ணீர் விடாமல் அரைக்கும்போது மோட்டாரின் சுமை எல்லை மீறினால், மோட்டார் எரியாமலிருக்க அதுவே மின்சாரத்தைத் துண்டிக்கிறது. பிளக்கைப் பிடுங்கி, சில நிமிடம் ஆறவிட்டு, பொத்தானை அழுத்தினால் போதும். வீட்டுக்கு வந்து பார்த்ததற்கான கட்டணம் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் அதில் தவறு காண முடியாது. ரசீதில் "மோட்டார் பழுது நீக்கியது" என்று எழுதியிருந்தால் அது வேறு கதை, அப்போது எனக்கு மீண்டும் எழுதுங்கள். ரசீதே வாங்கவில்லை என்றால், அந்த 350 ரூபாயைப் பொத்தான் இருக்கும் இடத்தைக் கற்றுக்கொண்ட கட்டணமாக வைத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை.

கேள்வி: மின்கட்டணம் குறையும் என்று கூடத்தில் ஒரே மாதிரியான இரண்டு பி.எல்.டி.சி. மின்விசிறிகளை (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் கொண்டவை) மாட்டினோம். ஒன்றைக் குறைத்தால் இன்னொன்றும் குறைகிறது. ரிமோட் எப்போதும் சோபாவின் இடுக்கிலோ, தலையணைக்கடியிலோ, ஒருமுறை அரிசி டப்பாவிலோ கிடைக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்குக் குளிர் நடுக்குகிறது என்று அம்மா என்னை எழுப்பி ரிமோட்டைத் தேடச் சொல்கிறார். மின்விசிறிகளைத் திருப்பிக் கொடுத்துவிட முடியுமா?
- மதுரை வாசகர்

பதில்: முதலில் லாபக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், மூன்று மணிக்கு எழுந்திருக்கும்போது அது ஓரளவு ஆறுதலாக இருக்கும். பழைய மின்விசிறி முழு வேகத்தில் ஏறத்தாழ 75 வாட் எடுக்கும், உங்களுடையது ஏறத்தாழ 30 வாட். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் பழையது 54 யூனிட்டும் புதியது 22 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகவும் செலவழிக்கும். இரண்டு மின்விசிறிக்குமாக 64 யூனிட்டுக்கு மேல் மிச்சம். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுத்து முதல் 100 யூனிட் இலவசமாகக் கிடைப்பதோடு ஒப்பிட்டால், இது சிறிய தொகையல்ல.

திருப்பிக் கொடுப்பது பற்றிக் கேட்டீர்கள். இணையத்தில் வாங்கியிருந்தால், பழுதான பொருளையோ விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையோ திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. மனம் மாறியதற்காகத் திருப்பிக் கொடுக்கும் உரிமையைச் சட்டம் தரவில்லை. அது விற்பனையாளர் வைத்திருக்கும் கொள்கையைப் பொறுத்தது. உங்கள் இரண்டு மின்விசிறிகளும் ஒரே ரிமோட்டுக்குக் கட்டுப்படுவது பழுதாகாது. இவற்றில் பல, தொலைக்காட்சி ரிமோட்டைப் போலவே கண்ணுக்குத் தெரியாத ஒளியால் கட்டளையிடுபவை. ஒரே மாதிரியான இரண்டுக்கும் கட்டளைக் குறியும் ஒன்றாகவே இருக்கும். தனித்தனியாக இணைக்கும் வசதி இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். சில தயாரிப்புகளில் சுவர் சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டாலே வேகம் மாறும், அந்த வசதி உங்களுடையதில் இருந்தால் அம்மாவுக்கு ரிமோட்டே தேவையில்லை. இனி வாங்குவதாக இருந்தால், வழக்கமான ரெகுலேட்டரிலேயே இயங்கும் பி.எல்.டி.சி. மின்விசிறிகளும் கிடைக்கின்றன என்பதை நினைவில் வையுங்கள். மற்ற வகைகளைப் பழைய ரெகுலேட்டரோடு சேர்த்து மாட்டக் கூடாது. மாட்டுபவர் ரெகுலேட்டரை இணைப்பிலிருந்து நீக்கினாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உத்தரவாத அட்டையில் மோட்டாருக்கு எத்தனை ஆண்டு, ரிமோட்டுக்கு எத்தனை மாதம் என்று தனித்தனியாகப் படியுங்கள், இரண்டும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை.

எங்கள் வீட்டில் ரிமோட் ஒரு நாடாவில் கட்டப்பட்டுச் சுவரில் தொங்குகிறது. பார்க்க அழகாக இல்லை, ஆனால் இரண்டு ஆண்டுகளாகத் தொலையவில்லை.

கேள்வி: படுக்கையறை எல்.இ.டி. விளக்கை அணைத்த பிறகும் இரவெல்லாம் மங்கலாக ஒளிர்கிறது. வீட்டில் ஏதோ இருக்கிறது என்று பெரியம்மா எலுமிச்சை கட்டச் சொல்கிறார். விளக்கை மாற்றித் தர மறுக்கிறார் கடைக்காரர்.
- திருச்சி வாசகி

பதில்: கடைக்காரர் பக்கம் நியாயம் இருக்கிறது. எல்.இ.டி. ஒளிர மிகக் குறைந்த மின்சாரமே போதும். சுவிட்சில் சிறு அடையாள விளக்கு இருந்தால் அதன் வழியே கசிவதே போதுமானது. இன்னொரு காரணம், வயரிங் செய்தவர் மின்சாரம் வரும் பேஸ் கம்பியில் போட வேண்டிய சுவிட்சை, அது திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியில் போட்டிருப்பது; அப்படியானால் சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும், விளக்கை மாற்றப் போகிறவருக்கு அதிர்ச்சி அடிக்கலாம். பெரியம்மா சொன்னபடி வீட்டில் ஏதோ இருக்கிறது என்பது உண்மைதான். எலுமிச்சை கட்டுவது உங்கள் விருப்பம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: நான் ஓய்வு பெற்றவன். மாலைத் தேநீருக்கு 10 ரூபாய் பிஸ்கட் பொட்டலம் ஒன்று எனக்கு நான்கு நாள் வரும். இப்போது மூன்றாம் நாளே காலியாகிறது. பேரன் மேல் சந்தேகப்பட்டு டப்பாவை அலமாரியின் மேல்தட்டுக்கு மாற்றினேன். அப்போதும் மூன்று நாள்தான்.
- திருநெல்வேலி வாசகர்

பதில்: பேரனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கலாம் என்று அஞ்சுகிறேன். விலையை 10 ரூபாயிலேயே நிறுத்திவைத்து, உள்ளே இருக்கும் எடையைக் குறைப்பது தயாரிப்பாளர்களிடம் பரவலாகக் காணப்படும் பழக்கம். விலை ஏறினால் உடனே கவனிக்கும் கண், கிராம் குறைந்தால் கவனிப்பதில்லை. எடையைக் குறைத்து, குறைத்த எடையை உறையில் சரியாக அச்சிட்டிருந்தால் அது சட்டப்படி குற்றமாகாது. எனக்கு அது பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, அதிகபட்ச சில்லறை விலைக்கு அருகில் அச்சிடப்படும் அலகு விலை. ஒரு கிலோவுக்குக் குறைவான பொட்டலங்களில் ஒரு கிராம் என்ன விலை என்று அங்கே குறிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 10 ரூபாய்க்கு 80 கிராம் என்றால் கிராமுக்கு ஏறத்தாழ 13 காசு; அதே 10 ரூபாய்க்கு 65 கிராம் என்றால் ஏறத்தாழ 15 காசு. பழைய உறை ஒன்று எங்காவது அகப்பட்டால் புதியதோடு வைத்துப் பாருங்கள். கடையிலும் சிறிய பொட்டலத்தையும் பெரிய பொட்டலத்தையும் இந்த எண்ணைக் கொண்டே ஒப்பிடலாம், பெரியதுதான் மலிவு என்ற நம்பிக்கை சில நேரங்களில் உடைந்துபோகும்.

அச்சிட்ட எடையைவிட உள்ளே கணிசமாகக் குறைவு என்றால் அது தெளிவான குற்றம். ஒரு பொட்டலத்தில் மிகச் சிறிய ஏற்றத்தாழ்வை விதிகள் அனுமதிக்கின்றன என்பதால், பிரிக்காத சில பொட்டலங்களையும் ரசீதையும் வைத்துக்கொண்டு புகார் செய்யுங்கள். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைக் கவனிப்பது தொழிலாளர் துறை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் தமிழில் பேசலாம். எடை சரியாக இருந்து, அலகு விலையும் மாறாமல் இருந்தால், மாலையில் தேநீர் போட்டுத் தருபவரிடம் நயமாக விசாரியுங்கள்.

கேள்வி: எங்கள் சிலிண்டர் விருந்தினர் வந்து தோசைக்கல்லைப் போட்ட பிறகுதான் தீர்கிறது. எடை குறைவாகத் தருகிறார்களோ என்று ஐயம். கொண்டு வருபவர் ஒவ்வொரு முறையும் ரசீதுக்கு மேல் 50 ரூபாய் கேட்கிறார்.
- கோயம்புத்தூர் வாசகி

பதில்: வீட்டு சிலிண்டரில் எரிவாயுவின் எடை 14.2 கிலோ. காலி சிலிண்டரின் எடை அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டையும் கூட்டினால் வர வேண்டிய எடை கிடைக்கும். கொண்டு வருபவரிடம் தராசு இருக்க வேண்டும், எடை போட்டுக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை. வீட்டுக்குக் கொண்டு வந்து தரும் கட்டணம் ரசீதுத் தொகையிலேயே அடங்கிவிடுகிறது, ஆகவே அந்த 50 ரூபாயை அவர் உரிமையாகக் கேட்க முடியாது. மின்தூக்கி இல்லாத மூன்றாம் மாடிக்குத் தோளில் தூக்கி வருகிறவருக்கு நீங்களாக ஏதேனும் கொடுத்தால் அதைத் தடுக்க நான் யார்?

விருந்தினர் வருவதற்கு முந்தைய இரவு, ஈரத் துணியால் சிலிண்டரை முழுதாகத் துடைத்துவிட்டுச் சில நிமிடம் பாருங்கள். திரவம் இருக்கும் பகுதி ஈரம் காயாமல் இருக்கும், காலியான மேல்பகுதி முதலில் காய்ந்துவிடும். ஈரக்கோடு அடியை ஒட்டி இருந்தால் மறுநாளைக்கு இட்லி மாவை மட்டும் நம்பாமல், மின் அடுப்பையும் துடைத்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.