மக்கள்தொகைப் பிரமிடை எப்படிப் படிப்பது? வயது அமைப்பு ஒரு நாட்டை எப்படிப் பாதிக்கிறது?

கேள்வி கேட்டவர் தன் ஐயத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்: அடி அகன்றிருந்தால் இளைய நாடு, அடி குறுகியிருந்தால் முதிய நாடு என்பது புரிகிறது, அதற்கு மேல் அந்தப் படத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

படத்தின் அமைப்பு எளிது. நடுக்கோட்டின் இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள். அடியில் குழந்தைகள், உச்சியில் முதியவர்கள். ஒவ்வொரு பட்டையின் நீளமும் அந்த வயதில் இருப்போரின் எண்ணிக்கை. 1870 ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பைக் கொண்டு பிரான்சிஸ் வாக்கர் 1874 இல் வெளியிட்ட புள்ளிவிவர வரைபடத் தொகுப்பிலேயே இத்தகைய படம் இருக்கிறது.

இதை முதலில் பார்த்தபோது நான் தவறாகவே புரிந்துகொண்டேன். மேலே போகப் போகப் பட்டைகள் குறுகுவதைக் கண்டு, பிறந்தவர்களில் அத்தனை பேர் இடையிலேயே இறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜரின் பிரமிடு இந்தத் தவறைத் திருத்தப் பொருத்தமானது. அங்கே மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள். 60 வயதுக்காரர்களின் பட்டையோ நூல்போல் மெலிந்திருக்கிறது. இறப்பும் ஒரு காரணம்தான். ஆனால் 1960 இல் அந்நாட்டின் மக்கள்தொகை 40 லட்சத்துக்கும் குறைவு, இப்போது 2.5 கோடிக்கும் மேல். இன்றைக்கு 60 வயதில் இருப்பவர்கள் பிறந்த காலத்தில் பிறப்புகளே குறைவு என்பதுதான் பெரிய காரணம். அதாவது, ஒவ்வொரு பட்டையும் ஒரு குறிப்பிட்ட காலத்தில் பிறந்த கூட்டம். வழக்கமாக ஐந்தைந்து வயதாகச் சேர்த்து ஒரு பட்டையாக வரைவதால், அது ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒரு படி மேலேறுகிறது. அடியில் புதிய பட்டை வந்து சேர்கிறது. படத்தின் ஆண்டிலிருந்து வயதைக் கழித்தால் அந்தக் கூட்டம் பிறந்த ஆண்டு கிடைத்துவிடும். இந்த ஒரு கழித்தல் கணக்கு கைவந்தால் படம் பேசத் தொடங்கும்.

ஜப்பானின் 2020 ஆம் ஆண்டுப் பிரமிடை, ஐந்தைந்து வயதாகச் சேர்க்காமல் ஒவ்வொரு வயதுக்கும் தனிப் பட்டை வைத்து வரைந்ததாகத் தேடி எடுத்துப் பாருங்கள். ஐம்பதுகளின் நடுவில், கத்தியால் செதுக்கியதுபோல் ஒரே ஒரு பட்டை மட்டும் உள்வாங்கியிருக்கும். கழித்துப் பார்த்தால் 1966. அங்கே போரும் இல்லை, பஞ்சமும் இல்லை. அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் 'நெருப்புக் குதிரை' ஆண்டு அது. அவ்வாண்டில் பிறக்கும் பெண் கணவனுக்குக் கேடு விளைவிப்பாள் என்ற நம்பிக்கையால் தம்பதியர் குழந்தைப்பேற்றைத் தள்ளிப்போட்டார்கள். 1965 இல் 18 லட்சமாக இருந்த பிறப்புகள் 1966 இல் 13.6 லட்சமாகச் சரிந்து, மறு ஆண்டே 19 லட்சத்தைத் தாண்டின. ஐந்தாண்டுத் தொகுப்பாக வரைந்த படத்தில் இந்தப் பள்ளம் கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது என்பதால்தான் தனிப் பட்டைப் படத்தைத் தேடச் சொன்னேன்.

அதே படத்தில் இரண்டு புடைப்புகளும் தெரியும். முதலாவது இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் 1947 முதல் 1949 வரை பிறந்தவர்கள். இரண்டாவது அவர்கள் பெற்றோரானபோது, 1971 முதல் 1974 வரை, ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேல் பிறந்தவர்கள். கணக்குப்படி 2000 ஆம் ஆண்டையொட்டி மூன்றாவது புடைப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. இரண்டாம் கூட்டம் வேலை தேடி வெளியே வந்த 1990களில் பொருளாதாரம் முடங்கிக் கிடந்தது; திருமணங்கள் தள்ளிப்போயின, பலருக்கு நடக்கவே இல்லை. 2023 இல் ஜப்பானியருக்குப் பிறந்த குழந்தைகள் சுமார் 7.3 லட்சம் மட்டுமே. என்னைக் கேட்டால், அந்தப் படத்தில் அதிகம் சொல்லும் இடம் இல்லாமல் போன இந்த மூன்றாவது புடைப்புதான்.

இதிலிருந்தே அடுத்த செய்தி வருகிறது. மக்கள் நீண்டகாலம் வாழ்வதால் நாடு மூப்படைகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. மூப்பு பெரும்பாலும் பிரமிடின் அடியிலிருந்து, பிறப்பு குறைவதிலிருந்து தொடங்குகிறது. வயது அமைப்பைப் பார்க்காமல் இறப்பு விகிதங்களை ஒப்பிடுவோரும் இதே போல ஏமாறுகிறார்கள். ஜப்பானில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பேர் இறக்கிறார்கள். கத்தாரில் அது இரண்டுகூட இல்லை. ஆனால் சராசரி ஆயுள் 84 ஆண்டை ஒட்டி நிற்பது ஜப்பானில்தான். கத்தாரில் வாழ்வோரில் மிகப் பெரும்பகுதி வேலைக்கு வந்த இளவயது ஆண்கள் என்பதால் அங்கே இறக்கும் வயதில் ஆட்களே குறைவு.

வயது அமைப்பு நாட்டைப் பாதிக்கும் முதல் வழி, கண்ணுக்குத் தெரியாத உந்தம். ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தைகள் என்பது மக்கள்தொகை தன்னை ஈடுசெய்துகொள்ளும் அளவு. சீனா 1990களின் தொடக்கத்திலேயே அதற்குக் கீழே இறங்கிவிட்டது. ஆனாலும் மக்கள்தொகை குறையத் தொடங்கியது 2022 இல்தான். பிள்ளைபெறும் வயதில் முன்பே பிறந்த பெருங்கூட்டம் இருந்ததால், ஆளுக்கு ஒரு குழந்தை என்றாலும் மொத்தப் பிறப்புகள் இறப்புகளைவிட அதிகமாகவே இருந்தன. பிறப்பு விகிதம் மீண்டும் உயரும்போதும் இதே கதைதான்: பெற்றோராகும் கூட்டமே சிறுத்துப்போனபின் ஒவ்வொருவரும் கூடுதலாக ஒரு குழந்தை பெற்றாலும் அடிப்பட்டை உடனே அகன்றுவிடாது.

இரண்டாவது, யார் யாரைத் தாங்குகிறார்கள் என்பது. 15 முதல் 64 வயது வரையிலான நூறு பேருக்கு, அதற்குக் கீழும் மேலும் எத்தனை பேர் என்பதைச் சார்பு விகிதம் என்கிறோம். நைஜரில் இது நூறை ஒட்டியது, ஏறக்குறைய எல்லாரும் சிறுவர்கள். ஜப்பானில் 70க்கு அருகில், அதில் 50க்கு நெருக்கமானோர் முதியவர்கள். முந்தைய நாட்டுக்கு வகுப்பறையும் தடுப்பூசியும் முதல் தேவை. பிந்தையதற்கு ஓய்வூதியமும் பராமரிப்பும். இன்றைய தொழிலாளரின் பங்களிப்பிலிருந்தே இன்றைய ஓய்வூதியத்தை வழங்கும் முறையுள்ள நாடுகளில், பிரமிடின் நடுப்பகுதி மெலிவது நேராக வரவுசெலவுக் கணக்கில் விழுகிறது. பதினெட்டு வயதில் படித்துக்கொண்டிருப்பவரை உழைப்பவர் என்றும், அறுபத்தெட்டு வயதிலும் உழைத்துக்கொண்டிருப்பவரை, சார்ந்திருப்பவர் என்றும் எண்ணும் முரட்டுக் கணக்கு இது என்பதையும் மறக்க வேண்டாம்.

இவ்விரு நிலைகளுக்கும் நடுவே, சிறுவர் குறைந்து முதியோர் இன்னும் பெருகாத சில பத்தாண்டுகள் உண்டு. 1960 இல் ஒரு பெண்ணுக்கு ஆறு குழந்தைகள் என்றிருந்த தென்கொரியா 1983 இல் 2.1க்குக் கீழே வந்தது. அந்த இடைவெளியில் பெருங்கூட்டமாக வளர்ந்தவர்களுக்குப் பள்ளியும் தொழிற்சாலையும் காத்திருந்ததால் அது செல்வமாக மாறியது. வேலை இல்லாத இடத்தில் அதே கூட்டம் வெறும் வேலையற்றோர் பட்டியலாகிவிடும். அதே தென்கொரியாவில் 2023 இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.72 குழந்தைகள்தான்.

ஒரு எச்சரிக்கையும் தேவை. வேறு சில நாடுகளின் தனிப் பட்டைப் படத்தில் 30, 35, 40, 45 ஆகிய வயதுகளில் சீப்புப் பற்கள்போல் பட்டைகள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்ப்பீர்கள். கழித்தல் கணக்கைப் போட்டு அந்தந்த ஆண்டுகளில் என்ன நடந்தது என்று தேடாதீர்கள். பிறப்புப் பதிவு இல்லாத ஊர்களில், கணக்கெடுக்க வந்தவர் வயதைக் கேட்டபோது "நாற்பது இருக்கும்" என்று குத்துமதிப்பாகச் சொன்னவர்கள் அவர்கள்.