அந்த வயோதிபரின் ஒரே வரி

கேள்வி: லண்டனில் இருக்கும் மகன் போனுக்கு ஒரு பாட்டு அனுப்பினான். யாரோ ஒரு வயோதிபர் இங்கிலீசில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார். பத்து நிமிசம் எரிச்சலாக இருந்தது, பிறகு பார்த்தால் அழுதுகொண்டிருக்கிறேன். அதில் அப்படி என்னதான் இருக்கிறது?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: அம்மா, அது கவின் பிரையர்ஸ் என்ற இங்கிலாந்து இசையமைப்பாளரின் 'ஜீசஸ் பிளட் நெவர் ஃபெயில்ட் மீ யெட்' (யேசுவின் இரத்தம் இன்னும் என்னைக் கைவிட்டதில்லை). பாடுகிறவர் பாடகரே அல்ல. 1971 இல் லண்டன் தெருக்களில் படுத்துறங்கும் ஆட்களைப் பற்றி ஒரு நண்பர் படம் எடுத்தார். அதில் சேர்க்காமல் விட்ட ஒலிநாடாவில் இந்த வயோதிபர் ஒரு வேதப்பாட்டைப் பாடியிருந்தார். அரை நிமிசமும் வராது. பிரையர்ஸ் அதை நாடாவில் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு, கதவையும் திறந்து வைத்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போனார். அது லெஸ்டரில் அவர் வேலை செய்த கலைக்கல்லூரி, பக்கத்து அறை ஓவியம் கீறும் இடம், வழமையில் கலகலப்பாக இருக்குமாம். திரும்பி வந்தால் ஆட்கள் மெதுவாக நடக்கிறார்கள், சிலர் தனியே இருந்து அழுகிறார்கள். அப்போது ஒரு வயலின்கூடச் சேர்க்கவில்லை, வெறும் குரல்தான்.

உங்களுக்கு முதலில் வந்த எரிச்சல் சரியான எரிச்சல். காது அடுத்த வரிக்காகக் காத்திருக்கிறது, அது வரவில்லை. காத்திருந்து களைத்த பிறகுதான் சொல்லை விட்டுவிட்டு ஆளைக் கேட்கத் தொடங்குகிறோம்: எங்கே மூச்சு வாங்குகிறார், எங்கே குரல் தளும்புகிறது, யாருமில்லாத ஒருவர் எப்படி இவ்வளவு நம்பிக்கையோடு பாடுகிறார் என்று. அடியில் வயலின்களும் மற்ற வாத்தியங்களும் ஒவ்வொன்றாக வந்து சேருகின்றன. எங்கள் செத்தவீடுகளில் பார்த்திருப்பீர்கள், ஓய்ந்திருந்த ஒப்பாரி, படலையில் ஒரு புது உறவு வந்து நின்றவுடன் அதே அடியோடு மறுபடி எழும், முதல் தடவையைவிடக் கனமாக. அந்த அடி பழசுதான், வந்த ஆள் புதுசு. எனக்கு இந்த இசையும் அப்படித்தான் கேட்கிறது.

ஆனால் திரும்பத் திரும்ப வருவதெல்லாம் அழவைக்காது. 1965 இல் அமெரிக்கரான ஸ்டீவ் ரைக் ஒரு போதகரின் குரலை இரண்டு நாடாக்களில் ஓடவிட்டு, ஒன்றைவிட்டு ஒன்று மெல்ல விலகும்படி செய்தார். அங்கே அந்த விலகல்தான் அதிசயம், மனம் உருகாது. பின்னால் வந்தவர்கள் அதே உத்தியை உணர்ச்சிக்குத் திறந்துவிட்டார்கள். பிரையர்ஸின் ஆக்கம் 1975 இசைத்தட்டில் ஏறக்குறைய 25 நிமிசம், 1993 சீடியில் 74 நிமிசம். அந்த வயோதிபர் இதைக் கேட்காமலே இறந்துவிட்டார்.

இன்னொன்றும் மகனிடம் கேளுங்கள்: போலந்துக்காரர் குரெட்ஸ்கி 1976 இல் எழுதிய மூன்றாவது சிம்பொனி, அதன் கடைசிப் பகுதி. கிளர்ச்சியில் காணாமல்போன மகனைத் தேடும் ஒரு தாயின் நாட்டார் பாட்டு அது. அடியில் இரண்டே சுரக்கூட்டுகள் தொட்டில்போல மாறி மாறி ஆடும். கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் 2017 மாசியில் தொடங்கி அம்மாமார் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருக்கும் அதே ஒரு கேள்வி எனக்கு அதில் கேட்டது. போன் ஸ்பீக்கரில் வேண்டாம், அடிச்சத்தம் எடுபடாது. ஹெட்போன் போட்டு, வீட்டில் யாராவது இருக்கும் நேரமாகப் பார்த்துக் கேளுங்கள்.