சொல் கேட்கலாம்: ‘தாழ்வு மனப்பான்மை’ என்று எழுதலாமா?

கேள்வி: ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி நோட்டில் எல்லாம் சரியாக எழுதுகிறாள், எழுப்பிக் கேட்டால் வாய் திறப்பதில்லை. அவளைப் பற்றிய குறிப்பில் ‘தாழ்வு மனப்பான்மை உடையவள்’ என்று எழுதலாமா, ‘அவநம்பிக்கை’ சரியா?

பதில்: இரண்டும் வேண்டாம். அவநம்பிக்கை பெரும்பாலும் பிறர் மீதோ, நடக்கப்போவதன் மீதோ வருவது: ‘வங்கி மீது அவநம்பிக்கை’. தன்னைப் பற்றியது என்றால் ‘தன் மீதே’ என்று சேர்த்தால்தான் பொருள் நிற்கும்.

தாழ்வு மனப்பான்மை இன்னும் கனமான சொல். வியன்னா மருத்துவர் ஆல்ஃபிரட் ஆட்லர் (1870–1937) இதில் இரண்டு நிலைகளைப் பிரித்தார். தாழ்வுணர்ச்சி எல்லோருக்கும் உண்டு, முன்னேறத் தூண்டுவதும் அதுதான். அதுவே முற்றி ஆளை முடக்கிப்போடும்போதுதான் தாழ்வு மனப்பான்மை. வகுப்பில் பேசாததை மட்டும் வைத்து ஒரு குழந்தைக்கு இந்தப் பெயரைச் சூட்டக் கூடாது. குறிப்பேட்டில் ஏறிய சொல் அடுத்த வகுப்புக்கும் கூடவே போகும்.

உங்கள் மாணவிக்கு இருப்பது சபைக்கூச்சம். பாடம் தெரியும், பத்துப் பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. படித்தவனுக்கும் இது வரும் என்பதால்தான் திருக்குறளில் ‘அவையஞ்சாமை’ என்று ஓர் அதிகாரமே (73) இருக்கிறது. குறிப்பில் பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு, கண்ணால் கண்டதை எழுதுங்கள்: ‘விடை தெரிந்தும் எழுந்து சொல்லத் தயங்குகிறாள், இருவர் குழுவில் நன்றாகப் பேசுகிறாள்.’ இரண்டாம் பாதி, நீங்கள் பார்த்திருந்தால் மட்டும். பெற்றோருக்கும் எங்கே தொடங்குவது என்று புரியும்.

கேள்வி: ‘தன்நம்பிக்கை’ சரியா? ‘தன்னம்பிக்கை குறைவு’ என்பதில் ‘க்’ வருமா?

பதில்: தன்னலம் போலத்தான் தன்னம்பிக்கையும். ‘ன்’னை அடுத்து வரும் ‘ந’, ‘ன’ ஆகிவிடும். ‘தன்நம்பிக்கை’ பிழை.

மரியாதைக் குறைவு என்பதுபோல் தன்னம்பிக்கைக் குறைவு, ‘க்’ வரும். ஆனால் ‘அவருக்குத் தன்னம்பிக்கை குறைந்தது’ என்பதில் வராது; அங்கே தன்னம்பிக்கை எழுவாய். இந்த இரண்டைத்தான் அச்சில் அதிகம் குழப்புகிறார்கள்.

கேள்வி: கதையில் தன்னம்பிக்கை இல்லாத ஒருவனைக் காட்ட வேண்டும். ‘தொடைநடுங்கி’, ‘கையாலாகாதவன்’ இரண்டும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. முன்னது பயந்தவனை ஏசுவது, பின்னது திறமையில்லாதவனை. தன்னம்பிக்கை இல்லாதவன் பயந்தாங்கொள்ளியாக இருக்க வேண்டியதில்லை, திறமைசாலியாகவும் இருக்கலாம். ‘எனக்கெங்கே அதெல்லாம் வரப்போகுது’ என்பான், அவ்வளவுதான். கதையில் அவனைக் காட்ட அந்த ஒரு வரி போதும்.