பாங்காக்கில் டாக்சி பிடிக்கப் போகிறீர்களா?

இரவு நேரத்தில் சுவர்ணபூமி விமான நிலையத்தில் குடும்பத்தோடு இறங்குகிறோம். டாக்சியில் ஏமாற்றுவார்கள் என்று பயமுறுத்துகிறார்களே?
- வாசகி, கோவை

வரிசையில் நின்று ஏறினால் பயம் வேண்டாம். பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வரும் இடம் இரண்டாம் தளம். அங்கே பக்கத்தில் வந்து "டாக்சி, டாக்சி" என்று கூப்பிடுபவர்களுக்குப் பதிலே சொல்லாதீர்கள். ஒரு தளம் கீழே இறங்கி வாசலுக்கு வெளியே போனால் சீட்டு தரும் இயந்திரங்கள் இருக்கும். பொத்தானைத் தொட்டதும் வரும் சீட்டில் எந்த எண் தடத்தில் வண்டி நிற்கிறது என்று இருக்கும். ஓட்டுநர் கேட்டாலும் அந்தச் சீட்டைக் கொடுத்துவிடாதீர்கள். புகார் செய்ய வேண்டி வந்தால் அதுதான் கையில் இருக்கும் ஆதாரம்.

சாதாரண வண்டியின் மீட்டர் 35 பாத்தில் தொடங்கும். அதற்கு மேல் விமான நிலையக் கட்டணம் 50 பாத் உண்டு. இது முறையானதுதான், இதற்காகச் சண்டை போடாதீர்கள். விரைவுச் சாலையில் போனால் சுங்கமும் நம்முடையது. நகருக்குள் சுகும்வித், சீலோம் பகுதிகளுக்குப் போக எல்லாம் சேர்த்துப் பெரும்பாலும் 300 முதல் 450 பாத்துக்குள் முடியும். விமான நிலையத்திலேயே 1000 பாத் நோட்டைக் கொடுத்துத் தண்ணீர் பாட்டில் வாங்கிச் சில்லறையாக்கிக்கொள்ளுங்கள். சுங்கச்சாவடியில் 20, 50 நோட்டுகள்தான் உதவும்.

பெட்டி விஷயத்தில் கவனம் தேவை. பல டாக்சிகள் எரிவாயுவில் ஓடுபவை. டிக்கியைத் திறந்தால் பாதி இடத்தை சிலிண்டரே அடைத்திருக்கும். இரண்டு பெரிய பெட்டிகள் வைத்தாலே நிரம்பிவிடும். நான்கு பேர், நான்கு பெட்டி என்றால் பெரிய வண்டிக்கான சீட்டையே எடுங்கள்.

ஊருக்குள் மீட்டர் போட மறுத்தால் என்ன செய்வது?
- வாசகர், மதுரை

கதவை மூடிவிட்டு அடுத்த வண்டிக்குக் கை காட்டுங்கள். ஏறுவதற்கு முன்பே இடத்தைச் சொல்லி, "மீட்டர்?" என்று கேட்டுவிட வேண்டும். ஏறி உட்கார்ந்த பிறகு பேரம் பேசினால் நமக்குத்தான் நஷ்டம். சுற்றுலாப் பயணிகள் பார்க்கப் போகும் பெரிய அரண்மனை வாசலிலும் ஹோட்டல் வாசலிலும் நிறுத்தி வைத்துக் காத்திருக்கும் வண்டிகள் பெரும்பாலும் மொத்தத் தொகைதான் கேட்கும். கொஞ்சம் நடந்து போய், முன்கண்ணாடியில் சிவப்பு விளக்கு எரிய ஓடிவரும் வண்டியை நிறுத்துங்கள். விளக்கு எரிந்தால் வண்டி காலி.

மறுப்பவர்கள் எல்லோரும் மோசடிக்காரர்கள் அல்ல. நெரிசலில் நிற்கும் நேரத்துக்கு மீட்டரில் ஏறும் தொகை மிகக் குறைவு. பலர் 12 மணி நேர ஷிப்டுக்கு வாடகை வண்டி ஓட்டுபவர்கள். மாலை 3, 4 மணி வாக்கில் வண்டியை உரிமையாளரிடம் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் எதிர்த்திசைச் சவாரியை ஏற்க மாட்டார்கள். அப்போது போனில் வண்டி அழைக்கும் கிராப், போல்ட் செயலிகளைப் பாருங்கள். மழையும் சேர்ந்துவிட்டால் ரயில்தான்.

"இன்று அரண்மனை மூடல், வேறு இடம் காட்டுகிறேன்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாசல்வரை போய்ப் பார்த்துவிடுங்கள். இப்படிச் சொல்பவர்கள் கூட்டிப்போவது பெரும்பாலும் கல் நகைக் கடைக்கு.

மாரியம்மன் கோயிலுக்குப் போக ஓட்டுநரிடம் எப்படிச் சொல்வது?
- வாசகி, காரைக்குடி

"வாட் கேக், சீலோம்" என்றால் போதும். அந்த ஊர்க்காரர்கள் கோயிலை அழைக்கும் பெயர் வாட் கேக். தமிழர்கள் கட்டிய அந்தக் கோயில் சீலோம் சாலையும் பான் சாலையும் சேரும் முனையில் இருக்கிறது. மற்ற இடங்களுக்கு நம் உச்சரிப்பு எடுபடாது. தாய்லாந்து மொழி எழுத்தில் இடத்தின் பெயரை போனில் காட்டுங்கள். நவராத்திரி நிறைவு நாள் ஊர்வலத்தின்போது சாலையையே மூடிவிடுவார்கள். அன்று சுரசாக் ரயில் நிலையத்தில் இறங்கி நடப்பதுதான் வழி.

டாக்சியில் போனை விட்டுவிட்டால்?
- வாசகர், திருச்சி

வண்டி எண் இருந்தால் தேடுவது சுலபம். பின்கதவின் உட்புறத்தில் எண் ஒட்டியிருக்கும். ஏறியதும் அதைப் படம் எடுத்து, உடன் வருபவருக்கு அனுப்பிவிடுங்கள். தொலைந்தால் சுற்றுலாப் போலீஸ் 1155. டாக்சி ஓட்டுநர்கள் கேட்கும் ஜே.எஸ். 100 வானொலிக்கு 1137. தொலைந்த பொருள்களைப் பற்றி ஒலிபரப்பில் சொல்வார்கள். தாய்லாந்து மொழி பேசும் ஹோட்டல் ஊழியரைப் பேசச் சொல்லுங்கள்.